கோபிக்குப் போன மூன்றாவது பிரதி

ஆகஸ்ட் 17, ஞாயிறு

போனுக்கு வயிறு நிறைந்துவிட்டதாம். மருதமலையில் சாமி கும்பிட்டுவிட்டு, மதியைப் படியில் நிற்க வைத்து ஒரு படம் எடுக்கலாம் என்று தூக்கினால், இடமில்லை என்று சொல்லிவிட்டது. என் மகளை எடுக்க என் போனில் இடமில்லை! வந்த கோபத்தில் அதை அங்கேயே உருட்டிவிட்டிருப்பேன்.

"ஏம்மா, ஒண்ணைக்கூட அழிக்காம வெச்சிருந்தா அதுதான் என்ன பண்ணும்?" என்றாள் மதி.

"எதை அழிக்கச் சொல்ற? நீ பல்லு விழுந்து சிரிச்சதையா, மாறுவேடப் போட்டியில கத்திரிக்காயா நின்னு அழுததையா?"

"கத்திரிக்காயை அழிச்சுரலாம்."

"அது மொதப் பரிசு வாங்குன கத்திரிக்காய்."

வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே முன்னால் நடந்துவிட்டார். அவருக்கென்ன, கணபதியில் லேத் பட்டறை ஓடினால் போதும். பட்டறைக்குக் கணக்கெழுதுவதும் நான்தான், வீட்டில் படமெடுத்துச் சேர்த்து வைப்பதும் நான்தான். போல்ட்டு நட்டு சப்ளைக்காரர் வருஷா வருஷம் கொடுக்கும் இந்த டைரியில் எழுதுவதும் நான்தான்.

ஐப்பசியில் மதிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கவின், கோபிச்செட்டிபாளையம். இனிமேல்தான் படம் குவியப்போகிறது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மதி உட்கார வைத்துப் பாடம் எடுத்தாள். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறவள், சும்மா விடுவாளா. படம் என்றால் மூன்று பிரதி இருக்க வேண்டுமாம். ஒன்று லேப்டாப்பில், ஒன்று தனி ஹார்ட் டிஸ்கில், மூன்றாவது வேறு ஊரில் வேறு வீட்டில்.

"வேற வீடு எதுக்கு? நம்ம வீட்டுக்கு என்ன கொறச்சல்?"

"தீப்பிடிச்சா? வெள்ளம் வந்தா? திருடன் வந்தா?"

"வாயைக் கழுவு. கல்யாண வீடு."

இணையத்தில் ஏற்றி வைக்கலாமே என்றாள். யாரோ முகந்தெரியாதவன் வீட்டு மெஷினில் என் மகள் குளித்த படமெல்லாம் கிடப்பதா? முடியாது என்றுவிட்டேன். திருப்பூரில் என் தம்பியிடம் கொடுக்கலாம் என்றால், அவன் மகன் எல்லாவற்றையும் அழித்துவிட்டுச் சினிமா ஏற்றிக்கொள்வான். கடைசியில் மதி மெதுவாகச் சொன்னாள்: "கோபியில அத்தைகிட்ட குடுத்து வெக்கலாம்மா."

அத்தை என்றால் கவினின் அம்மா வசந்தாமணி. என் வருங்காலச் சம்பந்தி. நான் எழுந்துபோய்க் குக்கரைப் பார்த்தேன். விசில் வரவில்லைதான். இருந்தாலும் பார்த்தேன்.

ஆகஸ்ட் 30, சனி

கடைக்குப் போய் ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கி வந்தேன். ஒன்று கறுப்பு, ஒன்று நீலம். கடைப்பையன் "ஆன்ட்டி, யாருக்கு?" என்றான். "எனக்குத்தான்" என்றேன். எத்தனை டிபி வேண்டும் என்று நானே சொன்னதும் நிமிர்ந்து பார்த்தான். பார்க்கட்டும்.

சாயந்திரம் முழுக்க லேப்டாப்பில் உட்கார்ந்து வருஷவாரியாகப் பிரித்தேன். 2005-இல் ஆரம்பித்து இந்த வருஷம் வரை ஒவ்வொன்றும் ஒரு போல்டர். மதி வீட்டுக்கு வந்த நாள், பள்ளிக்கூடத்தில் விட்ட நாள், சைக்கிளில் இருந்து விழுந்து கட்டுப்போட்ட கை, பட்டமளிப்பு. பெற்றவர்களே இத்தனை ஒழுங்காக வைத்திருக்கமாட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் 2004 என்று ஒரு போல்டர். அதில் ஒரே படம். மதி அப்போது இருந்த குழந்தைகள் இல்லத்திலிருந்து, இதுதான் குழந்தை என்று ஒரு சிடியில் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு வயசு. தோளில் நிற்காத பெரிய மஞ்சள் கவுன், கையில் பாதி வாழைப்பழம், கேமராக்காரன் மேல் அப்படியொரு கோபம். பக்கத்தில் இன்னொரு பொம்பளையின் கை மட்டும் படத்துக்குள் வந்து அவள் விரலைப் பிடித்திருக்கிறது. அந்தக் கோபத்தைப் பார்த்துத்தான் நான் வீட்டுக்காரரிடம் சொன்னேன், "ஏனுங்க, இது என்ற புள்ளைதானுங்க" என்று.

சிடி தோல் உரிந்துவிட்டது. இல்லத்தையும் மூடிவிட்டார்கள். இந்த ஒரு கோப்புத்தான் மிச்சம்.

மதி பின்னால் வந்து நின்றது தெரியவில்லை. "ஹால்ல இத்தனை படம் மாட்டியிருக்கியே, இதை மட்டும் ஏம்மா பிரேம் போடல?" என்றாள்.

"கிளியரா இல்ல கண்ணு. பெருசு பண்ணுனா மங்கிரும்."

உண்மைதான். மங்கலாகத்தான் இருக்கிறது.

செப்டம்பர் 3, புதன்

நாளை நிச்சயம். முறுக்கு, அதிரசம், தட்டுவரிசைச் சாமான் எல்லாம் தயார். கோபிக்குப் போகும் நீல டிஸ்கும் தயார். மதியின் பிடிவாதம், நான் என்ன செய்ய.

2005 முதல் எல்லாம் ஏற்றியாயிற்று. 2004 ஏற்றவில்லை. மங்கலான ஒற்றைப் படம், அதற்காக எதற்கு மெனக்கெடுவது. டிஸ்கை மதியிடம் கொடுத்து, "சரிபார்த்துக் குடுத்துரு" என்றேன்.

ஆனியில் அவர்கள் பெண் பார்க்க வந்தபோது, வீட்டுக்காரர் காபி கொடுக்கும் முன்பே விஷயத்தைச் சொல்லிவிட்டார். புள்ளை நாங்கள் பெற்றதில்லை, எடுத்து வளர்த்தது, அவளுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும் என்று. கவினிடம் மதி முன்பே சொல்லியிருந்தாள். வசந்தாமணி அவரை ஒரு பார்வை பார்த்து, "சரிங்க" என்றார். அவ்வளவுதான். பிறகு காபியை வாங்கிக் குடித்தார்.

அந்தச் "சரிங்க" என்ன "சரிங்க" என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வேண்டாவெறுப்பா, போனால் போகிறது என்பதா? எங்கள் பக்கம் கல்யாணப் பேச்சென்றால் முதல் கேள்வியே எந்தக் கூட்டம், அதாவது எந்தக் குலம், என்பதுதான். என் பெரியம்மா மகள் மதிக்கு மொட்டை போட்ட அன்றே கேட்டாள், "புள்ள எந்தக் கூட்டமோ?" என்று. "எங்க கூட்டம்" என்றேன்.

செப்டம்பர் 4, வியாழன்

நிச்சயம் நன்றாக நடந்தது. மதி மயில் கழுத்து நிறப் பட்டு. கண்பட்டிருக்கும், வந்ததும் சுற்றிப் போட்டேன்.

தட்டு மாற்றி முடித்த கையோடு மதி நீல டிஸ்கை எடுத்துக்கொண்டுபோய் அவள் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தம்மா அதைத் தாலிக்கொடி வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கி மடிப்பைக்குள் வைத்துக்கொண்டார். நடிப்போ என்னவோ.

செப்டம்பர் 14, ஞாயிறு

போனில் இருந்ததை எல்லாம் அழித்துவிட்டேன். லேப்டாப்பிலும் கறுப்பு டிஸ்கிலும் பத்திரமாக இருக்கும்போது பயமென்ன. போன் இப்போது பறக்கிறது.

பக்கத்து வீட்டு ஜோதிமணி, பேரன் படமெல்லாம் போய்விட்டது, போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்துவிட்டது என்று புலம்பினாள். "மூணு பிரதி வெக்கோணும் ஜோதி, மூணு பிரதி" என்று அரைமணி நேரம் சொல்லிக் கொடுத்தேன். மதி உள்ளேயிருந்து கேட்டுச் சிரித்தாள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மண்டப அலங்காரக்காரர் வந்தார். வாசலில் பெரிய பலகை வைப்பார்களாம். பெண், மாப்பிள்ளை இருவருக்கும் குழந்தையில் இருந்து இன்றுவரை படம் வரிசையாக வர வேண்டுமாம். "கைக்குழந்தை போட்டோ இருந்தா அசத்திரலாம் மேடம்" என்றார்.

நான் வாயெடுக்கும் முன்பே மதி, "என்னோட மொதப் படம் ஒண்ணு இருக்குங்க. மஞ்சள் கவுன் போட்டது. வரிசை அதுலதான் ஆரம்பிக்கோணும்" என்றாள்.

"ஊரே வந்து நிக்கும் கண்ணு. அந்தக் கை வேற குறுக்க இருக்குது. யாரு என்னன்னு ஆளாளுக்குக் கேப்பாங்க."

"கேட்டா சொல்லலாம். அதுக்கு முன்னாடி நான் இல்லாமயா இருந்தேன்?"

இருபத்துமூன்று வயசில் எனக்கு இந்தத் தைரியம் கிடையாது. இந்தப் பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது? என்னிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும், வளர்த்தது நான்தானே.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

பட்டறை ஜொலிக்கிறது. லேத்துகளைத் துடைத்து, விபூதிப் பட்டை போட்டு, வாழைக்கன்று கட்டி, பொரி கடலை, வெண்பூசணி எல்லாம் ஆயிற்று. ஸ்பேனரில் இருந்து வெர்னியர் வரை எல்லாம் பலகையில் வரிசை.

எனக்கு ஒரு யோசனை. நமக்குச் சோறு போடுவதற்கெல்லாம் பொட்டு வைக்கிறோம், என் மகளையே பத்திரமாக வைத்திருக்கிற சாமானுக்கு வைக்க வேண்டாமா? வீட்டிலிருந்து லேப்டாப்பையும் கறுப்பு டிஸ்கையும் கொண்டுபோய்ப் பலகையில் வைத்தேன். சந்தனம், குங்குமம், சாமந்திப் பூ.

"ரெண்டையும் ஒரே எடத்துல வெக்கக்கூடாதுன்னு புள்ள சொல்லுச்சே" என்றார் வீட்டுக்காரர்.

"சாமி முன்னால வெச்சா என்னங்க ஆகும்?"

பூஜை போட்டதை விஜயதசமி காலையில் மறுபூஜை போட்டுத்தான் எடுக்க வேண்டும். கதவைப் பூட்டிவிட்டு வந்தோம்.

அக்டோபர் 2, வியாழன்

ராத்திரி மழை. பட்டறைக் கூரையில் ஒரு ஷீட் விரிசல் விட்டிருக்கிறது. இத்தனை பெரிய பட்டறையில் அது ஒழுகுவதற்கு அந்தப் பலகைதான் கிடைத்தது. ஸ்பேனர்களைத் துடைத்து வைத்துவிட்டார்கள். லேப்டாப்புக்கு அடியில் விரித்திருந்த அதன் பையில் குங்குமமும் சந்தனமும் கரைந்த தண்ணீர் தேங்கி நின்றது. அந்தத் தண்ணீரில்தான் லேப்டாப்பும் டிஸ்கும் கிடந்தன. பலகையில் வழுக்காமல் இருக்க நான்தான் பையை விரித்து, அதன் மேலேயே இரண்டையும் வைத்தேன்.

அவர் திட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அக்டோபர் 4, சனி

சர்வீஸ்காரர் இரண்டையும் பிரித்துப் பார்த்தார். லேப்டாப் அவ்வளவுதானாம். டிஸ்கைச் சென்னைக்கு அனுப்பிப் பார்க்கலாம், ஆனால் படம் வரும் என்று வாக்குக் கொடுக்கமாட்டேன் என்றார். அனுப்பச் சொன்னேன்.

மதியிடம் லேப்டாப் சர்வீஸுக்குப் போயிருக்கிறது என்று மட்டும் சொன்னேன். பொய்யில்லையே.

கோபியில் நீல டிஸ்க் இருக்கிறது. 2005 முதல் எல்லாம் இருக்கிறது. எல்லாம் என்றால்.

அக்டோபர் 5, ஞாயிறு

சமைக்கவில்லை. கடையில் வாங்கிச் சாப்பிட்டோம்.

அக்டோபர் 9, வியாழன்

சென்னையிலிருந்து போன் வந்தது. ஒன்றும் தேறவில்லை.

மஞ்சள் கவுனைக் கண்ணை மூடினால் பார்க்க முடிகிறது. வாழைப்பழத்தைப் பார்க்க முடிகிறது. அந்தக் கையில் வளையல் இருந்ததா இல்லையா என்பது மட்டும் நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது. எத்தனையோ தடவை பார்த்த படம். ஒருநாளும் அந்தக் கையை நான் சரியாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

மதி வேலைக்குப் போகும்போது, "அலங்காரக்காரர் ஞாயித்துக்கிழமைக்குள்ள படம் கேக்கறாரும்மா, மொதல்ல அதை அனுப்பிரு" என்றாள். "ம்" என்றேன். அவள் போன பிறகு பூஜையறையில் உட்கார்ந்து அழுதேன். உள்ளதை எழுதுவதில் என்ன வெட்கம், அழுதேன்.

கோபிக்குப் போய் நீல டிஸ்கை வாங்கி வருவது. பள்ளிக்கூடப் படத்தில் இருந்து வரிசையை ஆரம்பிக்கச் சொல்வது. மதியிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

அக்டோபர் 11, சனி

கோபிக்குப் போய் வந்தோம், நானும் அவரும். மதிக்கு ஆபீஸ். எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

வயலுக்கு நடுவில் ஓட்டுவீடு. வசந்தாமணி வாசலுக்கே ஓடிவந்தார். "வாங்க சம்பந்தி, வாங்கண்ணா. சொல்லாமக் கொள்ளாம வந்திருக்கீங்க, ஒரு போன் போட்டிருந்தா கோழி அடிச்சிருப்பனே" என்று ஒரே பரபரப்பு. டிஸ்க் வேண்டும் என்றதும் பீரோவைத் திறந்தார். அவருடைய கல்யாணப் பட்டுக்கு நடுவில் ஒரு மஞ்சள் பை, பைக்குள் நீல டிஸ்க், அதைச் சுற்றி ஒரு கைப்பிடி காய்ந்த வேப்பிலை.

"இது எதுக்குங்க வேப்பிலை?" என்றேன்.

"பூச்சி கீச்சி வந்துரக்கூடாதுல்லீங்க. உசுரு மாதிரி பாத்துக்கோணும்னு புள்ள சொல்லிக் குடுத்துச்சு."

சிரிப்பு வந்தது. நான் சந்தனம் வைத்தேன், இவர் வேப்பிலை வைத்திருக்கிறார். என் டிஸ்க் செத்தது, இவருடையது பிழைத்தது.

அப்போதுதான் ஹாலில் சுவரைப் பார்த்தேன். இறந்துபோன அவர் வீட்டுக்காரர், கவின் தவழ்கிற படம், குலதெய்வம் கோயில் கும்பாபிஷேகம். எல்லாவற்றுக்கும் நடுவில், புதுக் கண்ணாடி போட்ட பிரேமில், மஞ்சள் கவுன். பாதி வாழைப்பழம். அந்தக் கோபம்.

வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார்.

"இது... இது எப்படிங்க உங்களுக்கு?"

"இந்த டப்பாக்குள்ள இருந்ததுதானுங்க. நிச்சயத்தன்னைக்கு மதி சொல்லுச்சு, 'அத்தை, அம்மா ஒரு படத்தை விட்டுட்டாங்க, நான் சேத்திருக்கறேன். அதுதான் என்ற மொதப் படம், அதுலருந்து பாத்துட்டு வாங்க'ன்னு. கவினு டிவியில மாட்டிக் குடுத்தான். தெனமும் சாயங்காலம் ஒவ்வொரு வருஷமாப் பாத்தனுங்க. கத்திரிக்காய் வேசம் கட்டி அழுததைப் பாத்துச் சிரிச்சு சிரிச்சு எனக்கு வயித்துவலியே வந்துருச்சு."

"அது மொதப் பரிசுங்க" என்றேன்.

"பின்ன வாங்காதா?" என்றவர் சுவரைப் பார்த்தார். "உங்க வீட்ல எப்படியும் இதை மாட்டியிருப்பீங்க. இங்க வாழ வர்ற புள்ள, இங்கயும் ஒண்ணு இருக்கட்டும்னு நானும் பிரேம் போட்டேனுங்க."

வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார். நல்ல மனுஷர்.

கிட்டே போய்ப் பார்த்தேன். வளையல் இருக்கிறது, இரண்டு ரப்பர் வளையல். வசந்தாமணி என் பக்கத்தில் வந்து நின்றார். "ஸ்டூடியோக்காரன் இந்தக் கையை வெட்டிரலாம், புள்ள மட்டும் நல்லாத் தெரியும்னான். வெட்டக்கூடாதுன்னுட்டேன். நீங்க போய்த் தூக்கற வரைக்கும் புள்ளையப் புடிச்சுட்டு நின்ன கையில்லீங்களா?"

இருபது வருஷமாக அந்தக் கை எனக்குக் குறுக்கே இருந்தது. இந்தம்மாவுக்கு ஒரே மாதத்தில் அது கண்ணில் பட்டுவிட்டது.

கிளம்பும்போது கேட்டே விட்டேன். "பொண்ணு பாக்க வந்தன்னைக்கு இவரு சொன்னதுக்கு, ஒத்த வார்த்தையில 'சரிங்க'ன்னீங்களே."

"ஆமாங்க. வேற என்னத்தைச் சொல்றது? புள்ளையப் புடிச்சுது. சரின்னேன்." அவருக்கு நான் எதற்குக் கேட்கிறேன் என்றே புரியவில்லை.

சத்தி ரோட்டில் வரும்போது வீட்டுக்காரர், "மதிகிட்ட என்ன சொல்லப்போற அம்மிணி?" என்றார். "நனைஞ்சதைச் சொல்லுவேன். புள்ள எல்லாம் தெரிஞ்சுதான் என்னைத் திருத்தியிருக்குது, அதுக்கு நான் புதுசா என்ன சொல்ல?" என்றேன். அம்மா விட்டதை அம்மாவுக்கே தெரியாமல் சேர்த்துவிட்டு, ஒரு வார்த்தை குத்திக் காட்டாத பிள்ளை. நான் வளர்த்த பிள்ளை! கண்பட்டுவிடும், இன்றும் சுற்றிப் போட வேண்டும்.

கணபதி ஸ்டூடியோவில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். அதே படம், கை உள்பட, பிரேம் போட ஆர்டர் கொடுத்தாயிற்று. வசந்தாமணி வீட்டில் இருப்பதைவிட ஒரு சைஸ் பெரியது. மங்குமே என்றான் ஸ்டூடியோக்காரன். மங்கட்டும் என்றேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

மதி திட்டினாள். சந்தனம் வைத்ததற்கு. புது டிஸ்க் இரண்டு வாங்கியாயிற்று. நீல டிஸ்கை வேப்பிலையோடு கோபிக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். அங்கேதான் பத்திரம்.

நவம்பர் 3, திங்கள்

கல்யாணம் முடிந்தது. மதி கிளம்பிவிட்டாள். வீடு வெறிச்சென்று இருக்கிறது. நாளை அழுதுகொள்கிறேன், இன்று ஒன்றே ஒன்று எழுத வேண்டும்.

மண்டப வாசலில் பலகை. முதல் படம் மஞ்சள் கவுன். என் பெரியம்மா மகள் வந்தாள், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தாள். பத்துப் பேர் சுற்றி நிற்கும்போது, சத்தமாக, "அதாரு ரங்கநாயகி, புள்ளையப் புடிச்சிருக்கறது? யாரு கை அது?" என்றாள்.

வசந்தாமணி என்னைப் பார்த்தார். நான் பட்டுச்சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டேன்.

"எங்க கூட்டந்தான் அக்கா. உள்ள வந்து சாப்புடு" என்றேன்.